விருந்தாளிக்கு ஒன்பது நாள்

மலைத்தோட்டம், ஜமைக்கா
4 மார்ச் 1827

அன்புள்ள குவாக்கோவுக்கு,

நேற்று நமக்கு மகள் பிறந்தாள். மூக்கு உன்னுடையதுதான், என்ன செய்ய! ஒன்பது நாள் தாண்டும்வரை பிள்ளை விருந்தாளி, பிறகுதான் நம்முடையது. ஒன்பதாம் நாள் நீ வந்து பெயர் சொல்ல வேண்டும். தோட்டம் தாண்டிவர உன் துரையிடம் அனுமதிச் சீட்டு கேள். நிறைமாதத்தில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து அடித்த கங்காணி, வயிற்றுக்கு மட்டும் மண்ணில் குழி தோண்டினான். அவ்வளவு இரக்கம்! கிழங்கு விற்கும் ஆபாவின் கூடைக்குள் இதை ஒளித்து அனுப்புகிறேன்.

உன் மிம்பா

ஆற்றங்கரைத் தோட்டம்
7 மார்ச்

என் மிம்பாவுக்கு,

கேட்டேன். “பொறந்தது அந்தத் தோட்டத்துச் சொத்து. ஒனக்கென்னடா அங்க சோலி?” என்றான் துரை. சீட்டு கிடையாது. ஆனாலும் ஞாயிறன்று வருவேன். பிடிபட்டால் கசையடி, தெரியும். பிள்ளை எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது.

உன் குவாக்கோ

மலைத்தோட்டம்
9 மார்ச்

குவாக்கோ,

பிள்ளை சுகம். கட்டாயம் வா.

மிம்பா

மலைத்தோட்டம்
18 மார்ச்

என் குவாக்கோவுக்கு,

ஆற்றைக் கடக்கும்போது உன்னைப் பிடித்துவிட்டார்களாம். முப்பத்தொன்பது அடி, காயத்தில் உப்பும் மிளகாயும். “ஒம் புருசன் முதுகுல தோலே இல்லடி” என்றாள் ஆபா.

நான் பாவி. சுகம் என்று எழுதினேனே, அதற்கு முதல்நாளே பிள்ளை போய்விட்டாள். தாடை இறுகி, பால் குடிக்கவே இல்லை. தெரிந்தால் வரமாட்டாயோ என்று மறைத்தேன். ஒன்பது நாளுக்குள் போனால் பெற்றவள் அழக்கூடாதாம். மறுவாரமே கரும்பு வெட்ட அனுப்பிவிட்டார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். என்னை வெறுத்துவிடாதே.

மிம்பா

ஆற்றங்கரைத் தோட்டம்
22 மார்ச்

அசட்டு மிம்பாவுக்கு,

அந்த ஒரு வரிக் கடிதத்தைக் கொடுத்தபோதே ஆபா சொல்லிவிட்டாள்: “புள்ள போயிருச்சுப்பா. அவகிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.” தெரிந்துதான் புறப்பட்டேன். அழக்கூட விடாத இடத்தில் நீ தனியாக இருக்கிறாயே என்றுதான் வந்தேன். உன்னை எதற்கு வெறுக்க?

இப்போது என் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் முழ நீளக் கொம்பு. இதோடு புதருக்குள் மறைந்து வரமுடியாது. அதனால் வரும் ஞாயிறு நடுச்சாலையிலேயே வருகிறேன்.

உன் குவாக்கோ