அக்காவின் கணக்கும் என் பெட்டியும்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதே இடத்தில் அதே தொல்லை.

மூலக்கூறுகளை உறைநிலைக்கும் வெகு கீழே, அநேகமாக அசைவே இல்லாத குளிருக்குக் கொண்டுவந்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே நிறுத்துகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். மின்புலத்தை ஏற்றினால் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பும். ஒன்றின் தலை அடுத்ததன் வாலைத் தூரத்திலிருந்தே இழுக்கும், முட்டும், இரண்டும் காணாமல் போகும். புலம் ஏற ஏற இழப்பும் ஏற வேண்டும். மேல்மாடியில் கோட்பாட்டுத் துறையில் இருக்கும் என் அக்காவின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்தத் துறையில் எல்லோரும் அக்காவின் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

ஆனால் பன்னிரண்டு கிலோவோல்ட்டைத் தாண்டியதும் என் மூலக்கூறுகள் சாகாமல் அப்படியே நிற்கின்றன. புலம் உள்ளே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. தட்டுகள் இருக்கும் வெற்றிடப் பெட்டியைத் திறக்க வேண்டும். மறுபடியும்.

மார்ச் 5, புதன்

துறைத் தலைவர் ஆய்வகத்துக்கு வந்தார். பெட்டி பாதி பிரிந்து கிடந்ததைப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "ஜூனோட உன் ஒப்பந்தம் முடியுதும்மா. வேலை செய்யாத பெட்டிய வச்சிக்கிட்டு உனக்காக நான் மேலிடத்துல என்னன்னு பேசுறது?"

உங்க அக்கா எங்கே நீ எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் வலித்தது.

மார்ச் 11, செவ்வாய்

இதை முன்பே செய்திருக்க வேண்டும். தட்டில் எத்தனை வோல்ட் கொடுக்கிறேன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மூலக்கூறுகளையே கேட்டேன். மின்புலத்துக்குத் தக்கபடி அவை உறிஞ்சும் நுண்ணலை மாறும். அதை அளந்தால் அவை உணரும் புலம் என்ன என்று தெரிந்துவிடும்.

அளந்தேன்.

புலம் இருக்கிறது. முழுசாக இருக்கிறது.

அப்படியென்றால் பெட்டி சரி. இழப்பு நிஜமாகவே நிற்கிறது. அந்த இடத்தில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன!

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

திரும்பச் செய்தேன். அதேதான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் இருபத்தெட்டாம் தேதி அக்காவுக்குப் பரிசு தருகிறார்கள். இந்தக் கணக்குக்காக. இதை எந்த வாயால் அவளிடம் போய்ச் சொல்வேன்?

மார்ச் 15, சனி

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதவைத் திறந்து, "வாம்மா, விஞ்ஞானி நம்பர் ரெண்டு" என்றார். எப்போதும் சொல்வதுதான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். பிறகு மெதுவாக, "அக்கா, ஒரு இடத்துல உன் கணக்கு ஒத்து வரல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"பன்னெண்டத் தாண்டினதுமா?" என்றாள்.

நான் எண்ணையே சொல்லவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

துணியை மடித்தபடியே சொன்னாள். கணக்கின் சமன்பாட்டில் சின்னது என்று முன்பு தள்ளிவிட்ட ஒரு உறுப்பை, போன வருடம் சும்மா சேர்த்துப் பார்த்தாளாம். அந்த இடத்தில் மூலக்கூறுகளின் இரண்டு சுழற்சி நிலைகளின் ஆற்றல் நெருங்கி வருகிறது. இழுப்பு தள்ளலாகிவிட்டது.

"போன வருஷமா?"

"சொல்லியிருந்தா நீ அதத்தான் தேடிப் பார்த்திருப்ப. உன் அளவ யாரு நம்புவா?"

"அது பதில் இல்லக்கா."

இன்னொரு துண்டை எடுத்து உதறினாள். பிறகு, "நீதான் பெட்டி சரியில்ல, பெட்டி சரியில்லன்னு சொல்லிட்டே இருந்த. அது நெஜமாவே இருந்துட்டா என் கணக்கு தப்பிச்சுடுமேன்னு நெனச்சேன்" என்றாள்.

அத்தான் தேநீரோடு வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அவளுக்குத் தெரியும். தெரிந்தே இருந்திருக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு வருஷமா அந்தப் பெட்டிய எத்தனை வாட்டி பிரிச்சிருப்பேன்! கை வெந்து நின்னப்ப மருந்து போட்டுவிட்டவ அவதானே? "பாத்து செய்டி"ன்னு சொன்னாளே? அப்பவும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் கட்டு போட்டாளா?

வேறு யாராவது செய்திருந்தால் எதிரி என்று ஒதுக்கிவிடலாம். இவளை என்ன செய்வது?

அத்தான் கூப்பிட்டார். "அவ சாப்பிடவே இல்லம்மா" என்றார். நானும் சாப்பிடவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பரிசு விழாவுக்குப் போகவில்லை. ஆய்வகத்தில் ஆடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்தார்.

"உங்க அக்கா என்ன பண்ணிட்டான்னு தெரியுமா?"

துடைக்கும் துணி கையிலேயே நின்றுவிட்டது.

"மேடையேறி, இந்தக் கணக்கு தப்புங்கிறா. ஒரு வருஷமா தனக்குத் தெரியுங்கிறா. 'என் தங்கச்சி பெட்டி சரியாத்தான் இருக்கு, நான்தான் வாயத் தொறக்கல'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு எறங்கிட்டா. கைதட்டறதா வேணாமான்னு ஒருத்தருக்கும் தெரியல."

அவர் இன்னும் என்னவோ சொன்னார். காதில் விழவில்லை. கோபத்தோடு நன்றாகத்தான் இருந்தேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள்.

அக்கா இன்று கீழே ஆய்வகத்துக்கு வந்தாள். மேல்மாடியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் இதுதான் முதல் தடவை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கிலோவோல்ட்டைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. புதுக் கணக்கின் கோட்டைத் திரையில் போட்டாள். என் புள்ளிகள் ஒவ்வொன்றாக அதன் மேல் விழுந்தன. பதினான்குக்கு அருகே மட்டும் ஒன்று விலகி நின்றது.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கணக்கப் பாருக்கா" என்றேன்.

தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.