யாருடைய ட்ரக்

சான் அன்டோனியோ, 1974

மே 6, திங்கள்

என் மகள் நெல்டாவுக்கு இரண்டரை வயது. பேசுவது ஆறே ஆறு சொல். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் கேட்டாள்: “வீட்ல ரெண்டு மொழியும் கலந்தா பேசுறீங்க?” கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரித் தலையாட்டினேன். “அதான் பிள்ளை குழம்பிப் போயிருக்கு. ஸ்பானிஷை நிறுத்திடுங்க. இங்கிலீஷ் மட்டும். ஆறு வாரம் கழிச்சு வாங்க.”

படித்தவள் நான். எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

மே 9

என் கணவர் ரொகேலியோ விமானத்தளத்தில் எஞ்சின் கழுவுகிறவர். அவருடைய ஆங்கிலம் மேஸ்திரியிடம் பேச மட்டும்தான் காணும். சாயங்காலம் வந்து மகளைத் தூக்கிக்கொண்டு, “குட் மார்னிங்” என்றார். அப்புறம் பேச்சே இல்லை. “வேற என்னத்தச் சொல்றது இவகிட்ட? ஷிப்ட் எப்ப முடியும்னா?” என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 15

தேவாலயக் கூடத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கொண்டுவரும் கவிதைத் தாளுக்குத் தட்டச்சில் ஸ்டென்சில் அடிப்பது என் வேலை. இன்று தென்ச்சா அக்கா ஒரு கவிதை கொடுத்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மடித்த சட்டைக்குள் வைக்கும் அட்டையில்தான் எழுதுவாள்.

“காலேஜம்மா, பிழை கிழை இருந்தாப் பாத்துக்க. நான் ஆறாங்கிளாஸோட நின்னவ.”

வீட்டுக்கு வந்து படித்தேன். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது.

*தெருவிளக்கின் கீழே பையன்கள் தலை வாருகிறார்கள் —
ஒவ்வொரு வாரலும் ஒரு சபதம்.
என் தம்பியின் ட்ரோக்கா விடியலில் இருமுகிறது,
தெரு முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுகிறது.*

நானும் இந்தத் தெருவில்தான் இருபத்து நான்கு வருஷமாக இருக்கிறேன். எனக்கு ஏன் இது கேட்கவில்லை?

மே 16

அடித்து முடித்தேன். ஸ்பானிஷில் ஆங்கிலம் கலந்த பன்னிரண்டு இடத்தில் திருத்தம். ‘ட்ரோக்கா’ அகராதியில் கிடையாது. ஆங்கில ட்ரக்குக்கு எங்கள் தெரு ஒட்டவைத்த வால். அதை எடுத்துவிட்டு ‘கமியோன்’ என்று முறையான ஸ்பானிஷ் சொல்லைப் போட்டேன். இப்போது யாரும் குறை சொல்ல முடியாது.

மே 25, சனி

இருநூறு பிரதி சைக்ளோஸ்டைல் சுற்றி முடித்தாகிவிட்டது. தென்ச்சா அக்கா மை காயாத தாளைத் தூரப் பிடித்து, உதடு அசையப் படித்தாள். நடுவில் நின்றாள்.

“இது யாரோட ட்ரக்கு, காலேஜம்மா?”

“உங்க தம்பியோடதுதான், அக்கா.”

“இல்லையே. இது மெக்ஸிகோ மந்திரியோடது. புதுசா, தொடச்சு வச்சாப்ல இருக்கு. இது இருமாது.”

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, “நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்ச” என்றாள். தாள் தீர்ந்துவிட்டது, மறுபடி அடிக்க வழியில்லை. அடுத்த சனிக்கிழமை வாசிப்பு.

பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினேன் என்று பிரம்படி. கல்லூரியில் என் ஸ்பானிஷ் சரியில்லை என்று சிவப்பு மை. அந்தப் பிரம்பையும் மையையும் எடுத்துக்கொண்டு நான் எங்கே வந்து நிற்கிறேன் பார். தென்ச்சா அக்காவிடம். நெல்டாவிடமும் — இல்லை, அது வேறு. அது மருத்துவமனையில் சொன்ன யோசனை. வேறுதானா?

ஜூன் 1, சனி

தூங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை.

கூடத்தில் நாற்காலி போதவில்லை. தென்ச்சா அக்கா நான் அடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாசித்தாள். ஆனால் வாயில் வந்தது அட்டையில் இருந்த கவிதை. பன்னிரண்டு இடத்திலும். ‘ட்ரோக்கா’ என்றதும் பின்வரிசை மெக்கானிக்குகள் தொடையைத் தட்டினார்கள். “யக்கா, அதுக்குக் கார்புரேட்டர் மாத்தணும்” என்று ஒருவன். “மாத்திட்டா கவிதை போயிரும்டா” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கூடமே அதிர்ந்தது. அதற்கு முன்னால், சபதம் என்கிற வரி வந்தபோது கதவோரம் பார்த்தேன். தெருவிளக்குப் பையன்களில் இருவர் அங்கே நின்றார்கள். ஒருவன் கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வந்தன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். தையல் தெரியவில்லை. இவளா ஆறாம் வகுப்போடு நின்றவள்?

திரும்பும்போது ரொகேலியோ நெல்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நாய், வேலி, ஐஸ் வண்டி, பக்கத்து வீட்டுக்காரரின் தொப்பை, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், வாய்க்கு வந்த மொழியில். நாலு வாரமாகச் சேர்த்துவைத்த பேச்சு. அவள் குனிந்து அவர் வாயையே பார்த்தாள். நடுவில் அவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்க” என்றேன்.

ஜூன் 5

நெல்டா இன்னும் புதுச் சொல் எதுவும் பேசவில்லை. நான் தப்புப் பண்ணிவிட்டேனோ? அவள் தூங்கும்போது வாய் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11

இன்று காலில் ஷூ மாட்டிவிட வந்த அப்பாவை நெல்டா அதட்டினாள்: “ஷூ வேண்டாம், அப்பா.” ஷூ ஆங்கிலம். மற்ற இரண்டும் ஸ்பானிஷ். மூன்று சொல், ஒரே வரி. ரொகேலியோ ஷூவைக் கீழே வைத்துவிட்டு, அவளை வெறுங்காலோடு தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஜூன் 17, திங்கள்

மருத்துவமனை. பதினொரு சொல் என்று எண்ணிச் சொன்னேன். அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. ஒரு படிவம் கொடுத்தாள். வீட்டில் பேசும் மொழி — அதற்கு ஒரு சின்னக் கோடு. இரண்டு மொழியின் பெயரையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினேன். கோடு போதவில்லை, எழுத்து ஓரத்தில் ஏறி வளைந்து போயிற்று.

“ஒண்ணுதாங்க எழுதணும்” என்றாள்.

“ஒண்ணுதாங்க எழுதியிருக்கேன்” என்றேன்.