அக்கரையிலிருந்து எடுத்த படம்

இன்று காலை எங்கள் செராமிக் கம்பெனி முற்றத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைப் பலகை பலகையாக வெளியே காய வைத்திருந்தோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிழக்கே மட்டும் சூரியனுக்கு வழி இருந்தது. சூளைக்குப் போகாத அந்தப் பொம்மைகள் எப்போதும் சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த நிமிஷம் அவை ஒவ்வொன்றும் பொன்னாக எழுந்து நின்றன. பின்னால் மழை இருட்டு. எல்லோரும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன். "என்னா செல்வி, பொம்ம நனையுது, நீ நிக்கிறியே" என்று பக்கத்தில் வேலை செய்கிற அக்கா கேட்டார்கள். உன்னைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? பலகையைத் தூக்கினேன்.

நீ இருந்திருந்தால் தூக்க விட்டிருக்க மாட்டாய்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்போதெல்லாம் படம் எடுப்பதில் உனக்கு ஆசை இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போனாய். பிள்ளைகள் பிறந்தார்கள். உன் வீட்டுக்காரர் சவுதிக்கு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. நீயும் மற்றவர்களைப் போலப் பிள்ளைகளையும், பெருநாள் சட்டையையும், தட்டில் வைத்த பிரியாணியையும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் அவர் சொன்னாராம்: "ஆளுங்களத்தான் தெனம் வீடியோவுல பாக்கறனே. ஊர அனுப்பு. இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கலருதான் இருக்குது."

மொட்டைமாடியிலிருந்து கோபுரமும் புறாக்களும் தெரிகிற வானத்தை எடுத்து அனுப்பினாய். அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் உனக்குப் பிடிக்கவில்லை. "நான் பாத்தது இது இல்லயே" என்று போனை என்னிடம் காட்டிக் காட்டிக் குறைப்பட்டாய். கண்ணால் பார்த்ததற்கும் படத்தில் வந்ததற்கும் நடுவில் ஏதோ நழுவிவிடுகிறது, அது என்ன என்று கண்டுபிடிக்காமல் உனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

அது என்ன என்று எனக்கு முதலில் புரிந்த இடம் பெண்ணாடம். நம்மோடு படித்தவள் ஒருத்தி புதுவீடு கட்டிக் குடிபோனாள். போய்விட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரம் கரும்பெல்லாம் பூத்திருந்தது. திடீரென்று நீ எழுந்து, வாந்தி வருகிறது, நிறுத்துங்கள் என்று கண்டக்டரிடம் சொன்னாய். நானும் பதறிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். பஸ் போனதும் நீ முக்காட்டைச் சரி செய்துகொண்டு சாவகாசமாக வரப்பில் நடக்க ஆரம்பித்தாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னைப் பேசாத பேச்சில்லை.

சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு பார்த்தபோது அந்தப் பூக்கள் பழைய துடைப்பம் மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தன. நீ வயலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாய். பூக்கள் உனக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்தன. என்னைக் கையைப் பிடித்து இழுத்து அங்கே நிறுத்தினாய். சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது பார்வை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கிற சாமான் மண்ணாகவே தெரியாது, வெறும் வெளிச்சமாக நிற்கும். அந்த வயல் முழுக்க அப்படி நின்றது. திட்டுவதற்காகத் திறந்த வாய் எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

"அதே பூவுதான் செல்வி. நாமதான் தப்பான பக்கம் நின்னுட்டு இருந்தோம்" என்றாய்.

அங்கே நின்று நீ எடுத்த படத்தைப் பற்றிச் சவுதியில் உன் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருந்தவர்களெல்லாம் பேசினார்களாம். ஆனால் உன் பெயரைச் சொன்னால் என் மனதில் முதலில் வருவது அந்தப் படமில்லை.

உன் மாமி, அவரைப் பெற்ற அம்மா, இறந்தபோது அவர் லீவு முடிந்து அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார். காலையில் மூச்சு நின்றது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் எந்த விமானம் பிடித்தும் வந்து சேர்ந்திருக்க முடியாது. அவருடைய சின்னம்மா மகன் ஒருவர் கபர்ஸ்தானில் நின்று போனில் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினார். வெட்டவெளி வெயிலில் கிட்டத்தில் வைத்து எடுத்த, புதிதாகக் குவித்த மண். அவ்வளவுதான். நல்ல எண்ணத்தில் அனுப்பியதுதான். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருக்கிறார் என்று கூட இருந்தவர் உனக்குப் போன் செய்து சொன்னார். உன்னிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "அம்மா அங்க தனியா இருக்காங்களா?"

நீ அந்தப் படத்தை எனக்குக் காட்டினாய். பிறகு சொன்னாய்: "மண்ண மட்டும் எடுத்து அனுப்பிட்டாங்க செல்வி. சுத்தி என்னா இருக்குதுன்னே அவருக்குத் தெரியல. மரம் இருக்குது, ஆறு இருக்குது, அத்தினி வானம் இருக்குது. அவரு கண்ணுல வெறும் குழிதான் நிக்குது."

உங்களில் பெண்கள் அங்கே உள்ளே போகிற வழக்கமில்லை. அதை மீறுகிற எண்ணமும் உனக்கு வரவில்லை. கபர்ஸ்தான் மணிமுத்தாற்றின் மேற்குக் கரையில். நாம் கிழக்குக் கரைக்குப் போனோம். பாலத்தைத் தாண்டி, வயலுக்கு நடுவே போகிற மண்பாதையில் உன் ஸ்கூட்டியில் குலுங்கிக் குலுங்கி. மாமியை அடக்கிய இடம் சுவர் மூலையில் ஒரு புங்க மரத்துக்குப் பக்கத்தில் என்று விசாரித்து வைத்திருந்தாய். அக்கரையிலிருந்து அந்த மரம் நன்றாகவே தெரிந்தது.

முதல் தடவை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனோம். வெயில் ஏறியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூச வைத்தது, மரமெல்லாம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. மரத்தை நடுவில் வைத்து எடுத்தாய். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. உனக்கு இல்லை. நடுவில் வைத்தால் மரத்தைத்தான் பார்க்கத் தோன்றுகிறது, இடம் தெரியவில்லை என்றாய். மரத்தை ஓரத்துக்குத் தள்ளி, ஆற்றை முன்னால் வைத்து, வளைந்து போகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டே கண் சுவர் வரை போகிற மாதிரி ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாய். அதற்காக வரப்பில் நீ முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்து வயல்காரர் வந்துவிட்டார். ஆற்றில் மணல் அள்ளுகிறவர்களுக்காக இடம் பார்க்க வந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு, அதட்டலாகத்தான் கேட்டார். நீ விஷயத்தைச் சொன்னாய். அவர் அக்கரையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு போய், நம் முன்னால் மேய்ந்துகொண்டிருந்த மாட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்.

இரண்டாம் தடவை சாயங்காலம் போனோம். சூரியன் கபர்ஸ்தானுக்குப் பின்னால் இறங்கியது. வானம் அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் படத்தில் சுவரும் மரமும் கரியாக வந்தன. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. நீ இல்லையென்று தலையாட்டினாய். மாமி இருக்கிற இடம் இருட்டாக இருந்தால் அவர் தாங்க மாட்டார், வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து அங்கே போய் விழ வேண்டும், அது விடிகாலையில்தான் நடக்கும் என்றாய். ஆனால் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காலை என்றால் மூட்டம். நீ தினமும் மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்துவிட்டுக் கீழே இறங்கி அடுப்பைப் பற்ற வைத்தாய். அவர் அங்கே மெலிந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் ராத்திரியெல்லாம் கொட்டி, விடியும்போது மழை விட்டது. நீ வாசலில் வந்து ஸ்கூட்டி ஹார்னை அடித்தாய். நான் தலைகூட வாரவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது மேகமெல்லாம் மேற்கே நகர்ந்து அக்கரைக்குப் பின்னால் நீலக் கறுப்பாக அடைந்து நின்றது. ஆற்றில் செந்தண்ணீர் ஓடியது. நம் முதுகில் சூரியன் இன்னும் வரவில்லை. நீ வரப்பில் உன் இடத்தில் போய் நின்றாய்.

பிறகு அது வந்தது. முதலில் தண்ணீர் மேல் ஊர்ந்தது. அப்புறம் அக்கரை மணல். அப்புறம் சுவர் முழுக்க ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டது. நனைந்த புங்க மரத்தின் இலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் வானம் அத்தனை இருட்டு. முன்னால் அந்த ஒரு மூலை மட்டும் யாரோ விளக்கேற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இதே ஆற்றை ஆயிரம் தடவை தாண்டியிருக்கிறேன். இப்படி ஒன்று இங்கே நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கைகூப்பினேனா என்று நினைவில்லை. உன் உதடு மட்டும் துஆவில் அசைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நம் நிழல்களைப் பார்த்தாய். சூரியன் நேர் பின்னால் இருந்ததால், உன் நிழலும் என் நிழலும் நீண்டு இக்கரை மணலில் படத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. குனிந்து பார்த்தாய், நாணல் சுவரை மறைத்தது. ஓரமாக நகர்ந்தாய், மரம் கைவிட்டுப் போயிற்று. வெளிச்சமோ போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் இருந்த இடத்திலேயே நின்று எடுத்தாய். சூரியனை மேகம் மூடிவிட்டது. வரும் வழியெல்லாம் படம் கெட்டுப் போய்விட்டது என்று புலம்பினாய். ஆனாலும் அனுப்பினாய்.

சாயங்காலம் வரை அவரிடமிருந்து பதில் இல்லை. அவர் கூப்பிட்டபோது நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். நீ ஸ்பீக்கரில் போட்டாய். அவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை, வெளிச்சத்தைப் பற்றியும் பேசவில்லை.

"கீழ ரெண்டு நெழலு தெரியுதே, யாரு?"

"நானும் செல்வியும்தாங்க. தள்ளி எடுக்க முடியல."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் அம்மாவப் பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்க" என்றார். குரல் உடைந்து அழுதார். அடக்கம் ஆன நாளிலிருந்து அவர் அழவே இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாராம்.

அதன் பிறகு அந்த அறையிலிருந்தே உனக்கு வேலை வர ஆரம்பித்தது. திட்டக்குடிக்காரர் ஒருவர் வெலிங்டன் ஏரி நிரம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு, அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். அவர் சின்ன வயதில் குளித்த கரை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். ஏரியை நேராகப் பார்த்துக் கடல் மாதிரி எடுப்பாய் என்று நினைத்தேன். நீயோ கரையில் ஒரு ஆள் துணி பிழிந்துகொண்டிருக்கும் வரை காத்திருந்து, அவரை ஒரு புள்ளியாக ஓரத்தில் வைத்தாய். ஆள் இல்லாவிட்டால் ஏரி எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். வீட்டில் அரிசி அளக்கிற கையால் நீ அத்தனை தண்ணீரையும் அளந்துவிட்டாய்.

உனக்கு நோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் இந்த முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உன் கட்டிலருகிலேயே இருந்தார். லீவு கிடைக்கிற நாளெல்லாம் நான் வந்தேன். உன் கட்டில் சுவரோரம். ஜன்னல் வெகு தூரத்தில், அதற்கும் திரை. முதல் நாள் நான் வந்து உட்கார்ந்ததும், எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள் நீ கேட்டாய்: "வர்ற வழியில வெளிச்சம் எப்டி இருந்துச்சு?"

வெயிலாக இருந்தது என்றேன். நீ சிரித்தாய். சிரித்தது இருமலாகிவிட்டது. அவ்வளவுதானா என்பது போல என்னைப் பார்த்தாய். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறையிலிருந்து ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். நடவு வயலில் வானம் துண்டு துண்டாகக் கிடந்ததை, ஒரு வைக்கோல் லாரி எழுப்பின தூசியில் வெயில் கம்பி கம்பியாக இறங்கியதைப் பார்த்து, மறந்துவிடக் கூடாதென்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிக் கொண்டு வந்தேன். நீ கண்ணை மூடிக் கேட்பாய். நடுவில், அது எந்தப் பக்கம் இருந்தது, தூரத்திலா கிட்டத்திலா என்று கேட்பாய். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உன் வீட்டுக்காரரும் கேட்பார். கடைசி இரண்டு முறை நீ கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். உன் விரல் என் கையில் அசைந்தது.

நீ போன பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. படம் எடுக்க எனக்கு இன்றும் வராது. ஆனால் எங்கே போனாலும் ஜன்னல் சீட்டு. பார்த்ததை வார்த்தையாக்கி வைத்துக்கொள்கிறேன். கேட்க நீ இருக்கிறாய் என்றே மனது நினைத்துக்கொள்கிறது. நானும் அதைத் திருத்தவில்லை.

நேற்று ஒரு கல்யாணத்துக்குச் சேத்தியாத்தோப்பு போனேன். சொல்கிறேன், கேள். சாயங்காலம். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறுகிறது. வெளிச்சம் இடது பக்கம், தாழ்ந்து. கீழே தண்ணீர் பாதி வரைதான், மீதி மணல். மணல் மேல் கொக்குகள் ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன, தூரத்தில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. பஸ் சத்தத்துக்கு ஒன்று எழுந்தது. பிறகு எல்லாம் எழுந்தன. திரும்பினபோது அத்தனை இறக்கையிலும் ஒரே கணத்தில் வெயில் விழுந்தது.