தகரக் கூரையில் மேஸ்திரி

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. போனில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பேசி முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடிதமென்றால் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பக்கத்து வீட்டு டெய்லரம்மாவின் பூனைகளின் அட்டகாசம் தாங்கவில்லை. மூன்றும் அவள் வீட்டில் தங்குவதேயில்லை. என் ரோஜாத் தொட்டியைக் கக்கூஸ் ஆக்கிவிட்டன. பெரியதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருக்கிறேன். கப்பல் பட்டறையில் எங்கள் தலைக்கு மேலே நடந்து நடந்து வேலை வாங்குவானே, அவனேதான். மத்தியானமானால் என் தகரக் கூரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. டங், டங். அதைக் கேட்டபடி கண் அசந்தால் வீடு மெல்ல மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. நேற்று நான் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு ஒரு கப்பலின் வயிற்றுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கிறேன். கப்பல் வெதுவெதுப்பாக மூச்சு விடுகிறது. விழித்துப் பார்த்தால் மேஸ்திரி என் மார்மேல் படுத்துத் தூங்குகிறது! அநியாயமில்லையா?

டெய்லரம்மாவிடம் நேரிலேயே கேட்டேன். "பூனைக்கு வேலி தெரியுமா பெரியவரே?" என்கிறாள். "வளர்க்கிறவளுக்கே தெரியல, பூனைக்கு எங்க தெரியும்?" என்றேன். எழுதுகிறவள் இங்கே சிரிக்கிறாள். அதையும் எழுது என்றேன்.

இப்படிக்கு,
அப்பா (கட்டைவிரல் ரேகை)


மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷிப்ட் முடிந்து வந்ததும் எழுதுகிறேன். குளிர்பதனக் கிடங்கின் குளிர் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை, கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

பூனைத் தொல்லைக்கு முடிவு கட்டிவிட்டேன். அந்த டெய்லரம்மாவுக்குக் கண்டிப்பான ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வீட்டை வாங்கவும் ஒருவர் கேட்கிறார். விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் உங்களுக்கு ஆறாவது மாடியில் ஒரு வீடு பார்க்கிறேன். அங்கே எந்தப் பூனையும் ஏறாது. நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் மகன்


ஏப்ரல் 9

அன்பு மகனுக்கு,

நீ கெட்டிக்காரன்தான். ஆனால் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாய். எழுதப் படிக்கத் தெரியாத அப்பனுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று.

டெய்லரம்மாதான். அவள் பூனை மேலுள்ள புகாரை அவள் கையாலேயே எழுதினாள். பல்லிடுக்கில் ஊசியை வைத்துக்கொண்டு, "கக்கூஸ்னே போட்டுடவா?" என்று கேட்பாள். அடுத்த வரிக்குப் போவாள்.

நீ அவளுக்குப் போட்டதையும் அவளேதான் வாசித்துக் காட்டினாள். 'தங்கள் பிராணிகளை உடனே அப்புறப்படுத்தாவிட்டால்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதுவும் நீங்க சொன்னதுதானா பெரியவரே?" நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மூன்றையும் கூடையில் வைத்துத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

தொட்டி இப்போது சுத்தம். கூரை ஊமை. மத்தியானம் படுத்தால் வீடு அசையமாட்டேன் என்கிறது, தரை தட்டின கப்பல் மாதிரி.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறப்பதில்லை. போன வருஷம் முழங்கால் வலி என்று எழுதினேன், பதில் இல்லை. குழாய் உடைந்தது என்றேன், பதில் இல்லை. ஒரு பூனை தொட்டியைத் தோண்டுகிறது என்றேன். உடனே பதில் போட்டாய், "என்ன நிறம் அப்பா?" என்று. சின்ன வயதில் மழையில் நனையாமல் குடைக்குள் ஒரு பூனைக்குட்டியை ஒளித்துக்கொண்டு வந்தவன் அல்லவா நீ. குட்டி நனையவில்லை, நீதான் தொப்பலாக நின்றாய். அதனால்தான் பிறகு பூனையையே எழுதினேன்.

வீட்டை விற்காதே. ஆறாவது மாடியில் எனக்கு யார் எழுதுவார்கள்?

டெய்லரம்மா இன்றைக்கும் எழுத வந்திருக்கிறாள். சிரிக்கவில்லை. அதையும் எழுது என்றேன்.

அப்பா (கட்டைவிரல் ரேகை)


ஏப்ரல் 27

டெய்லரக்காவுக்கு,

இதை அப்பாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம். முதலில் உங்களுக்கு: அந்தக் கடிதத்தில் அப்பாவின் பேச்சு ஒன்றுகூட இல்லை, எல்லாம் என்னுடையது. மன்னியுங்கள். தங்கை வீட்டிலிருந்து மூன்றையும் அழைத்துவந்துவிடுங்கள். வர மறுத்தால் மேஸ்திரியையாவது.

அப்பா, கேட்டவரிடம் வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் ஒரு புகார் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு நான் பகலில் தூங்குகிறேன். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அதெல்லாம் பொருட்டேயில்லை. ஜன்னலுக்கு மேலிருக்கும் தகரத்தில் ஓயாமல் நடக்கிறது. காயப்போட்ட சட்டையை இழுத்துப்போட்டு அதன்மேல் படுக்கிறது. நேற்று ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன். டங், டங் என்று கேட்டது. திரும்ப வந்து படுத்துக்கொண்டேன். கட்டில் லேசாக அசைந்தது.

சாம்பல் நிறம். கழுத்தில் மட்டும் வெள்ளை.

என்ன பேர் வைக்கலாம், அப்பா?

உங்கள் மகன்