கயிறு கட்டிய புல்தரை

2006 ஜூன் 12, திங்கள்

ஏப்ரல் ஆறு, பிற்பகல் 3.17. சுதர்சனா போய்விட்டாள் என்று எனக்குச் செய்தி வந்த நேரம். மூளையில் ரத்தக்கசிவு. அதற்கப்புறம் இந்த நோட்டைத் தொடவில்லை.

இன்று காலை வாசலில் ஒரு பெண். "அம்மா புல்லு போடச் சொல்லியிருந்தாங்க, மண்ணு எப்ப வெட்டலாம் சார்?" என்றாள். பெயர் ராஜம்மாள். என் வயதுதான், முப்பது இருக்கும். மார்ச்சிலேயே சுதர்சனா பேசி முடித்திருக்கிறாள். என்னிடம் சொன்னாளா? சொல்லியும் நான் காதில் வாங்கவில்லையா?

விஷயத்தைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை எங்கே என்று கேட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கம், மாமியார் வீட்டில். ஜினமதிக்குப் பதினோரு மாதம்.

"நடக்க ஆரம்பிச்சா இந்த சரளைல விழுந்து முட்டி கிழிச்சிக்கும்னுதான் சார் புல்லு கேட்டாங்க."

சரி, வெட்டுங்கள் என்றேன்.

ஜூன் 14

மாமா போன் செய்தார். "ஆவணிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க மாப்ள. குழந்தைய கூட்டிட்டுப் போறதா இருந்தா போங்க. இல்லனா எங்க பொண்ணாவே வளரட்டும்." சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19

ராஜம்மாள் அரையடி ஆழத்துக்கு வெட்டிவிட்டாள். கோரைக்கிழங்கை ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கினாள், இரண்டு கூடை. கரையானுக்கு எல்லா வீட்டிலும் மருந்துப்பொடி தூவுவாளாம். நாங்கள் சமணர்கள், பூச்சியைக் கொல்லக் கூடாது என்று சுதர்சனா முன்பே சொல்லி வைத்திருந்ததால் இங்கே தூவவில்லை.

மட்டம் பார்க்க நான் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் எடுத்து வந்தேன். பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு வேண்டும். அவள் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, அது ஓடுவதைக் குந்தியபடி பார்த்தாள். தென்கிழக்கு மூலையில் ஒரு சட்டி மண் ஜாஸ்தி என்றாள். டியூபிலும் அதே மூலைதான், அரை அங்குலம் மேடு. டிப்ளமோவில் நான் மூன்று வருடம் படித்தது எதற்கு?

ஜூன் 27

மினி வேனில் கொரியன் புல் வந்தது, ஈரச்சாக்குக்குள் பாய் பாயாகச் சுருட்டி. மொத்த இடம் இருபத்துநாலுக்குப் பதினாறு அடி. செங்கல் வரிசை போல, ஒரு இணைப்புக்கு நேராக அடுத்த இணைப்பு வராமல் பரப்பினாள். ஓரம் வெட்ட அரிவாள்மணை மாதிரி வளைந்த ஒரு கத்தி. அளக்கவே இல்லை, ஒரு துண்டும் வீணாகவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையை நின்று பார்த்தேன்.

போகும்போது, "ரெண்டு வேளை தண்ணி விடுங்க. நல்லா மிதிச்சி உடுங்க சார்" என்றாள். தலையாட்டினேன்.

மிதிக்க முடியவில்லை. அத்தைக்கு, சுதர்சனாவின் அம்மாவுக்கு, உயிருள்ள பச்சையை மிதிப்பதில்லை என்று விரதம். வரப்பில் போகும்போது சுதர்சனாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் மண் பார்த்துத்தான் கால் வைப்பாள். அவள் கேட்ட புல்லில் நான் எப்படி நடப்பது? சுற்றி நாலு கம்பி நட்டுக் கயிறு கட்டிவிட்டேன்.

ஜூலை 3

டைமர் பொருத்தியாயிற்று. காலை 180 லிட்டர், மாலை 180 லிட்டர்.

ஜூலை 11

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் எல்லோரும் போன் பேசுவார்கள், நாங்கள் பார்த்துக்கொள்ளும் செல்போன் டவர் திணறும். காலையிலிருந்து ஆபீசுக்கும் டவருக்கும் நடுவே ஓட்டம். கூட வேலை பார்க்கும் முருகையன் என்னைப் பார்த்து, "டவரே உன்னவிடத் தெம்பா நிக்குதுடா" என்றான். துணிமாற்ற வீட்டுக்கு வந்தால் — புல் இணைப்பு இணைப்பாக மஞ்சள். நடுவில் இரண்டு பாய் முழுக்கவே.

இதுவும் செத்துடுமா? நான் இன்னா பண்ணேன்? தண்ணி ஊத்தினேன்ல. நேரத்துக்கு ஊத்தினேன்ல.

ஜூலை 13

ராஜம்மாள் வந்து கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா சார், உற்சவத்துக்குக் கட்டறாப்ல கட்டி வச்சிருக்கீங்க?"

மஞ்சள் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். விரிப்பு போல எழுந்து வந்தது. அடியில் ஒரு வேர் இல்லை. மண்ணுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு விரல் காற்று.

"மிதிக்கவே இல்லயா? வேரு எத புடிக்கும் சார்?"

விரதத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மார்ச்சில் சுதர்சனாவும் இதையே கேட்டாளாம், மிதிக்காமல் வளர வழியிருக்கிறதா என்று. இவள் இல்லையென்றிருக்கிறாள்.

"அப்பறம் சொன்னாங்க சார். 'முதல்ல நானே மிதிச்சிடறேன். அந்தப் பாவம் என்னோட போவட்டும், எம்பொண்ணு சும்மா நடக்கட்டும்'னு."

நான் வீட்டுக்குள் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வரும்போது அவள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். பதினாறடி வரிசையில் குதிகாலை அழுத்தி அழுத்தி, ஒரு இடம் விடாமல். அவள் இணைப்புகளில் மணல் தூவிக்கொண்டே பின்னால் வந்தாள். கால் ஜில்லென்றிருந்தது. ஏப்ரலுக்கு அப்புறம் எனக்கு எதுவும் ஜில்லென்றும் இருக்கவில்லை, சுடவும் இல்லை.

ஜூலை 14 

மிதித்தேன்.

ஜூலை 22

செத்த இரண்டு பாயை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள். டைமரை நிறுத்தச் சொன்னாள். நாள் விட்டு நாள், ஒரே தடவை ஆழமாகத் தண்ணீர். மேலேயே கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும் என்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி.

ஆகஸ்ட் 9

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். வரவில்லை.

மாமாவுக்கு நானே போன் செய்தேன். குழந்தையை அழைத்து வரச் சொன்னேன். "உங்க அத்த ரெண்டு மாசம் கூட இருக்கட்டும் மாப்ள" என்றார்.

செப்டம்பர் 7, வியாழன்

குழந்தையோடு வந்த அத்தை படியோடு நின்றுகொண்டார். விரதம். நானும் கூப்பிடவில்லை. ஜினமதியைப் புல்லின் ஓரத்தில் நிறுத்தினார். நான் நடுவில் உட்கார்ந்தேன். நாலு எட்டு வைத்தாள். விழுந்தாள். அழலாமா என்று யோசித்தாள். கைக்கெதிரே இருந்த புல்லைப் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. அதற்குக் கோபம். எழுந்து மறுபடி.

"மிதிச்சிட்டியாடி" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிதி, மிதி" என்றார்.

இன்று பௌர்ணமி. டவரை முருகையன் பார்த்துக்கொள்கிறான், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜினமதி என் கால்மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள். போனை அணைத்து வைத்துவிட்டேன்.