நடுவில் வைத்த விளக்கு

அக்கா,

இன்று காலை லோத்குண்டா மார்க்கெட்டில் ஆவாரம்பூவைக் கட்டுக்கட்டாகக் கொட்டி வைத்திருந்தார்கள். இங்கே அதற்குத் தங்கேடு என்று பெயர். தெலுங்குப் பெண்கள் அதைக் கோபுரமாக அடுக்கி, சுற்றிவந்து கைதட்டி ஆடும் பதுகம்மா பண்டிகை வந்துவிட்டது. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் இந்த வெட்கம் மட்டும் போகவில்லை, பாருங்கள்.

மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள்; நீங்களும் நானும் இந்தச் செகந்திராபாத்திலேயே பிறந்தவர்கள். ஆற்காட்டுத் தமிழில் பாதி, இந்த ஊர் உருதுவில் பாதி என்று பேசுவோம். புதிதாக வந்த தொழிற்சாலைக் காலனியில் மெட்ராஸிலிருந்து குடியேறியவர்களுக்கு அது வேடிக்கை. ஒருநாள் கோயிலில், பிரசாதப் பொங்கலை இரண்டாம் முறை உங்கள் இலையில் வைக்க வந்தபோது நீங்கள் "நக்கோம்மா, போதும்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற மெட்ராஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்கள்லாம் நெஜமாவே தமிழாளுங்கதானா?"

நீங்கள் அதை விடவில்லை. செகந்திராபாத் மைதானத்தில் ஊருக்கே பொதுவாக ஒரு கலைவிழா நடக்கும். மலையாளிகள், வங்காளிகள், பஞ்சாபிகள் எல்லோரும் தங்கள் ஊர் ஆட்டத்தை ஆடிக் காட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்த வருடம் கும்மி ஆடுகிறோம் என்று நம் குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பெண்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "நாம யாருன்னு அந்தம்மா கண்ணால பாக்கட்டும்டி."

நம்மில் ஒருத்திகூடச் சொந்த ஊர்க் கும்மியைப் பார்த்ததில்லை. "எங்கம்மா ஆடும். அடியெல்லாம் என் கால்லியே கீது" என்றீர்கள், அது போதுமாயிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பழகினோம். எனக்குத்தான் அடிக்கடி கால் தப்பும். "காலப் பாக்காதடி, முன்னால போறவ முதுகப் பாரு" என்று அதட்டுவீர்கள்.

பதுகம்மாவை நாம் பார்க்காதவர்களா? வருடா வருடம் குவார்ட்டர்ஸ் பின்னாலேயே ஆடுவார்கள். எல்லா ஊர்ப் பெண்களும் இப்படித்தான் சுற்றுவார்கள் என்றிருந்தோம். நடுவில் பூ இருந்தால் அவர்களுடையது, விளக்கு இருந்தால் நம்முடையது. நமக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

மைக்கில் "தமிழ்நாட்டின் தொன்மையான கும்மி" என்று அறிவித்தார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் கீழே சலசலப்பு. "அரே, இதி மன பதுகம்மா கதா!" என்று ஒருத்தி எழுந்தாள். இது நம்ம பதுகம்மாவாச்சே என்று அவளுக்கு வாயெல்லாம் பல். அதில் கேலியே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு மேடையேறினாள். பின்னாலேயே இன்னும் சிலர் வந்து வட்டத்தில் சேர்ந்தார்கள். நாம் வாரக்கணக்கில் பழகிய ஆட்டம் அவர்களுக்குப் பழகாமலே வந்தது. முன்வரிசையில் அந்த மெட்ராஸ் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நீங்கள் நிற்கவில்லை. விறைத்த முதுகோடு பாட்டு முடியும்வரை சுற்றினீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் விளக்கு உங்கள் மடியில் இருந்தது. "எங்கம்மா அப்டித்தான்டி ஆடும்" என்றீர்கள். விளக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "அப்போ அதுவும் இங்கதான் கத்துக்கிச்சா?" என்றீர்கள்.

உங்கள் அம்மா அதற்கு முன்பே போய்விட்டார், கேட்க ஆளில்லை. அந்த மெட்ராஸ் அம்மாளின் சிரிப்பை மறந்துவிடலாம். சொந்த ஊர் என்று உங்களிடம் மிஞ்சியிருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். அதையும் ஊரே பார்க்க மேடையில் வைத்துத் தொலைத்தோம். அதன்பிறகு நீங்கள் ஆடவேயில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண்கள் "ரா வதினா" என்று அண்ணி முறை சொல்லி ஆசையாக ஆடக் கூப்பிட்டால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்வீர்கள்.

இன்று சாயங்காலம் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் பூ அடுக்கி என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். கால் தானாகவே அடி வைத்தது. புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, நீங்க தமிழ்தானே? எப்படி இவ்வளவு நல்லா ஆடறீங்க?" என்று தெலுங்கில் கேட்டாள். பாராட்டாகத்தான் கேட்டாள். எனக்கோ முகம் கொதித்தது. இந்த வயதிலும் என் கண், சுற்றி நின்றவர்களில் யாராவது கைக்குட்டையோடு நிற்கிறார்களா என்று தேடியது.

"எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

"அவங்க தெலுங்கா?"

"இல்லம்மா. அவங்களுக்கு அவங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க."

அம்மாவுக்கு யார் என்று அவள் கேட்டுவிடப் போகிறாளே என்று பயந்து, முன்னால் போகிறவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், அக்கா.