கொம்மாவின் ஒரு பிடி வெந்தயம்

உ

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
17.08.1997

அன்பு மகள் ரதிக்கு,

அப்பா சொல்லி எழுதுவிப்பது. நீயும் மருமகன் அன்புராசாவும் என் பேத்தி அட்சயாவும் அந்த நோர்வேக் குளிரூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற செய்தி வந்தால் எனக்கு அதுவே போதும். நானும் உன் அண்ணன் வீட்டில் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், முழங்கால் உளைவைத் தவிர உடம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை எழுதுகிறது எங்கள் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஜோசப்பின் ரீச்சர், இளவாலைப் பக்கத்து மனுசி, உன் அம்மாவோடு நல்ல பழக்கம். எனக்குத்தான் எழுத வாசிக்கத் தெரியாதே, நான் கதைக்கிறதை அவா ஒழுங்கான தமிழாக்கி எழுதுகிறா. தலைப்பில் பிள்ளையார் சுழி போடச் சொன்னபோது, "வேதக்காரியின்ரை கையால சுழி போடுவிக்கிறியள், பிள்ளையார் கோவிக்கமாட்டாரோ அண்ணை" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போட்டா. ஒரு இடத்தில் இருந்து சொல்லும்படி மூன்று தரம் சொல்லிப்போட்டா, எனக்கு இருக்க முடியவில்லை, பல்கனிக்கும் கதவுக்குமாக நடந்துதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெலிபோனில் கதைக்கிறோம்தானே, இப்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் ரெலிபோன் குசினிச் சுவரில் கிடக்கிறது, கொண்ணனும் அவன் பெண்சாதி, உன் மச்சாள் குணவதியும் பக்கத்தில்தான் நிற்பார்கள். நான் சொல்ல வேண்டியதில் ஒன்று அவர்களுக்கு முன்னால் வாயில் வராது. மற்றது, நீ இடையில் அழத் தொடங்கினால் நான் பாதியில் விட்டுவிடுவேன்.

முதலில் புத்தகக் கதையைச் சொல்கிறேன். கார்த்திகையில் கொம்மாவின் முதல் வருச ஆட்டைத் திவசம் வருகிறது, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பூசை. முப்பத்தோராம் நாளுக்குத் தேவாரப் புத்தகம் அடித்துக் கொடுத்தாயிற்று, திவசத்துக்கும் ஏதாவது அடிக்க வேண்டும் என்று கொண்ணன் சொல்ல, குணவதிதான் சொன்னாள், "தேவாரப் புத்தகம் ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பன்ரெண்டு கிடக்கு மாமா, ஒருதரும் திறக்கிறேல்லை, மாமியின்ரை சமையலை அடிச்சுக் குடுத்தால் குசினியில வைச்சிருப்பினம்" என்று. எனக்கு அது நல்லதாகப் பட்டது. கொம்மாவுக்குக் கடைசி ஆறு வருசம் கண்ணில் படலம் விழுந்து, வெட்டப் பயந்து, தடவித் தடவித்தான் சமைத்தவா என்பது உனக்குத் தெரியும். அந்த ஆறு வருசமும் பக்கத்தில் நின்று சரக்குத் தகரங்களைப் பேணி பேணியாக எடுத்துக் கொடுத்தவன் நான். மல்லி என்றால் மல்லி, பெருஞ்சீரகம் என்றால் பெருஞ்சீரகம், அவா கையை நீட்டுவா, நான் பேணியைக் கையடியில் பிடிப்பேன். எழுத்துத் தெரியாதவனுக்கு மனம்தான் கொப்பி. எது முதல், எது பிறகு, எத்தனை பிடி, எத்தனை கிள்ளு, எல்லாம் ஒன்றும் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. ஆகவே ஆனி மாதம் முழுக்க வேலையால் வந்த கையோடு குணவதி கொப்பியும் பேனையுமாக என் முன்னால் இருந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, புளிக் குழம்பு, முருங்கையிலை வறை, ஒடியல் கூழ், பயற்றம் உருண்டை என்று முப்பத்தெட்டு வகை சொன்னேன். அவள் மருந்துக் கொம்பனியில் குளிசை அடைக்கிற வேலை செய்கிறவள், அளவில் வலு கெட்டி. "பிடி எண்டு எழுதினால் ஆருக்கு மாமா விளங்கும், இஞ்சத்தைப் பிள்ளையளுக்குக் கரண்டிக் கணக்கு வேணும்" என்று ஒரு தட்டை வைத்து, நான் பிடி பிடியாக அள்ளிக் கொட்டக் கொட்ட, கரண்டியில் எடுத்துக் கத்தியால் மட்டம் தட்டி அளந்து எழுதினாள். அவளுடைய கரைச்சலைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், எழுதினது சரிதானோ என்று பார்க்க, கொப்பியில் உள்ளபடி தூள் வறுத்து இடித்து, அந்தத் தூளில் எட்டுக் கறி வைத்து ஆட்களைக் கூப்பிட்டோம். ரீச்சரும் அவாவின் புருசன் வின்சன்றும் வந்தார்கள், கொண்ணனோடு வேலை செய்கிற நாலு பேரும் வந்தார்கள். எல்லோரும் நல்லாய்ச் சாப்பிட்டார்கள். வின்சன்ற் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டு, "அக்கா உள்ளுக்குத்தான் நிண்டு சமைக்கிறா போல கிடக்கு அண்ணை" என்றார். குணவதியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு சந்தோசம். எனக்கு முதல் பிடி சோறே இறங்கவில்லை. எல்லாக் கறியிலும் நாக்கின் அடியில் ஒரு கைப்பு நின்றது. மற்ற ஒருவருக்கும் தெரியவில்லை, கொம்மாவின் கறியை ஐம்பத்திரண்டு வருசம் தின்ற எனக்குத் தெரிந்தது. "என்ன மாமா, சரியில்லையோ" என்று குணவதி என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் கேட்டாள். நல்லாயிருக்கு என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தேன். அன்று பிடித்ததுதான் இந்த அந்தரம். இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. லிஃப்ற்றில் கீழே போவேன், வாசலில் நிற்பேன், திரும்ப மேலே வருவேன். வெந்தயம் பழசு என்று சொல்லி வேறு கடையில் வாங்குவித்தேன். மின்சார அடுப்பில் வறுத்தால் அப்படித்தான் என்று சொல்லிப் பல்கனியில் சின்ன அடுப்பு வைக்கக் கேட்டேன், கட்டிடத்துக்காரன் துரத்திவிடுவான் என்று கொண்ணன் மறித்துவிட்டான். கடைசியில் இந்த ஊர்த் தண்ணீரில் பிழை என்று சொன்னேன். குணவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "கடையை மாத்தியாச்சு, சட்டியை மாத்தியாச்சு, இனிக் கனடாவை மாத்தச் சொல்லுவியள்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவள் சொன்னதில் பிழை இல்லை.

உண்மை தெரிந்தது போன கிழமைதான். உனக்கென்று கொம்மா வைத்துவிட்டுப் போன சோடிக் காப்பை மினுக்க எடுத்த குணவதி, ஒன்றைச் சும்மா போட்டுப் பார்த்தாள். அது பெருவிரல் மொழியைத் தாண்டவில்லை, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இறுகி நின்றுவிட்டது. சவர்க்காரம் போட்டு இழுத்துக் கழட்டினோம். குணவதி மெலிந்த பிள்ளை, அவளுக்கே அது போகவில்லை. நான் அந்தக் காப்பைக் கையில் வாங்கி என் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது புகையிலைக் கன்றுக்கு மண் அணைத்து, துலா மிதித்து, பட்டை பிடித்து இறைத்த கை. கொம்மாவின் கை அதில் பாதிதான். ஒரு பிடி வெந்தயம் என்று நான் சொன்னது சரி, சொல்லிவிட்டு என் பிடியைத் தட்டில் கொட்டினேன், இரண்டு பங்கு விழுந்துவிட்டது. மிளகாயும் மல்லியும் நிறுத்துப் போடுகிற இறாத்தல் கணக்கு, அவற்றில் பிழை இல்லை. பிடியில் போடுகிற வெந்தயம், மிளகு, உப்பு, ஒடியல் மா எல்லாம் பிழைத்துவிட்டன. அந்தக் கையை அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அது எவ்வளவு சின்னன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பாதியாக்கினால் சரிவரும்தானே மாமா என்று குணவதி கேட்டாள். பாதி என்பது குத்துமதிப்பு. கொம்மா குத்துமதிப்பில் சமைத்தவா இல்லை.

அப்போதுதான் எனக்கு வல்லிபுரக் கோயில் தீர்த்தத் திருவிழா ஞாபகம் வந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு, மழை தூறிக்கொண்டிருந்தது, உனக்குப் பதினெட்டு வயது. நீ பச்சைப் பாவாடையோடு சிநேகிதிகளுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் போய்விட்டாய். காப்புக்காரன் கடையைக் கட்டப் போகிறான் என்று கொம்மா தன் கையை நீட்டி, தனக்கு அளவான ஒரு டசின் கண்ணாடிக் காப்பு உனக்கு வாங்கினா. நீ வந்து போட்டாய், ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் தொங்கவில்லை. அதற்குப் பிறகு உனக்கு எந்தக் காப்பும் அவா தன் கையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினவா. நீ நோர்வேக்குப் போன பிறகு அனுப்பினதும் அப்படித்தான், அளவு சரி என்று நீயே எழுதியிருந்தாய். உன் கைதான் அவாவின் கை, பிள்ளை. மீன் பக்டரியில் குளிருக்குள் நின்று இப்போது விரல் வீங்கியிருக்குமோ தெரியாது, இருந்தாலும் உள்ளங்கை மாறாது. உன் ஒரு பிடி வெந்தயத்தை அளந்து எழுதினால் அந்தப் புத்தகம் சரியாகிவிடும். இவ்வளவுதான் கேட்க வேண்டியது. ஆனால் கொண்ணன் பேரையே எடுக்காமல் ஏழு மாதம் இருக்கிற உன்னிடம், கொண்ணன் அடிக்கிற புத்தகத்துக்கு இதைக் கேட்க வேண்டுமென்றால், மற்றதையும் சொல்லாமல் கேட்க எனக்கு முகம் இல்லை.

கொம்மா போன அன்று, கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை காலமை குசினியில் விழுந்தவா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்திலேயே கொண்ணன் ரெலிபோனை எடுத்து உன் நம்பரைக் குத்தத் தொடங்கினான். அதை அவன் கையிலிருந்து பறித்து வைத்தவன் நான். நீ அப்போது ஏழரை மாதம், முதல் பிள்ளை தங்காமல் போய், டொக்டர் உன்னைக் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்த நேரம். "ஒண்டு போட்டுது, மற்றதையும் போக்காட்டாதை, பிள்ளை பிறக்குமட்டும் அவளுக்குச் சொல்லக்கூடாது" என்று நான்தான் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான், "நாளைக்கு அவள் என்ரை முகத்தில முழிக்கமாட்டாள் அப்பா" என்றான். நான் அவன் கையைக் கொம்மாவின் தலையில் வைப்பித்துச் சத்தியம் வாங்கினேன். மருமகனுக்கும் நான்தான் ஆள் வைத்துச் சொல்லி வாயைக் கட்டினேன். பிறகு நாற்பத்தொரு நாள். ஒவ்வொரு ஞாயிறும் நீ எடுத்தாய், அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். முதல் ஞாயிறு நான் சொன்னேன், "கொம்மா குசினியில நிக்கிறா பிள்ளை, கை முழுக்க மா, பிறகு கதைப்பா" என்று. அடுத்த கிழமை கோயிலுக்குப் போட்டா என்றேன். அடுத்தது நித்திரை. ஐந்தாம் ஞாயிறு நீ கேட்டாய், "அம்மாவுக்கு என்னிலை ஏதும் கோவமோ அப்பா" என்று. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நான், இல்லை, பிள்ளை பெற்ற உடம்புக்குப் போடுகிற காயம் சரக்கு உனக்கு இடிச்சு அனுப்ப வெளிக்கிட்டு நிக்கிறா என்று சொன்னேன்.

அட்சயா பிறந்து, நீ உண்மையை அறிந்து, கொண்ணனிடம், "செத்த அம்மா சாப்பிட்டாவோ எண்டு என்னைக் கேக்க வைச்சனியள்" என்று சொல்லி வைத்த ரெலிபோனுக்குப் பிறகு நீ அவனோடு கதைக்கவில்லை. அவன் சொல்லித்தான் அப்பா பொய் சொன்னவர் என்று நீ நினைத்திருக்கிறாய், அவனும் அப்படியே விட்டுவிட்டான். போன கிழமை, நான் ரதிக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "விடுங்கோ அப்பா, என்னோடை கோவிச்சாலும் உங்களோடை கதைக்கிறாள்தானே, ரெண்டு பேரும் அவளுக்கு இல்லாமல் போகக்கூடாது" என்றான். அதைக் கேட்ட பிறகு எனக்கு இந்த வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. சொல்லுகிறதைச் செய்கிற பிள்ளையின் தலையில் என் பிழையை ஏழு மாதம் தூக்கி வைத்திருந்துவிட்டேன். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ரீச்சர் பேனையை வைத்துவிட்டா. எழுதுங்கோ, விடாமல் எழுதுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

நான் செய்தது பிழையா என்று கேட்டால், பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தது பிழை இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது உன் அம்மா, உன் வயிற்றில் இருந்தது உன் பிள்ளை, தாங்குவாயோ மாட்டாயோ என்று உன்னைக் கேட்காமல் நான் அளந்துவிட்டேன். ஆகவே இந்த முறை ஒன்றும் உனக்காக நான் தீர்மானிக்கப் போவதில்லை. அளந்து எழுதினாலும் சரி, திவசத்துக்கு வந்து இந்தக் குசினியில் நின்று அள்ளினாலும் சரி, இனி எனக்கும் ரெலிபோன் எடுக்கமாட்டேன் என்றாலும் சரி, உன் விருப்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபத்தை வைத்திருக்க வேண்டுமென்றால் என்னில் வைத்திரு, கொண்ணனை விட்டுவிடு. அச்சுக்காரன் புரட்டாசி முடியக் கேட்கிறான். உன் மறுமொழி வருமட்டும் கொடுக்க வேண்டாம் என்று குணவதியிடம் சொல்லிவிட்டேன். நீ தரவில்லை என்றால், வெந்தயத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல் இடத்தை வெறுமையாக விட்டு அடிக்கச் சொல்வேன். என் கையளவு அந்தப் புத்தகத்தில் வராது.

அட்சயாவை வெறும் நிலத்தில் தவழ விடாதே, சளி பிடிக்கும். மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு, அவர் வாயைக் கட்டினது நான் என்பதையும் சொல்லு. பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி அண்டாமல் பார்க்கட்டும், என் பேத்தி நீண்ட ஆயுளோடு வளரட்டும், நீ நன்றாயிரு மகளே. அளக்கிறதென்றால் மறக்காமல் மோதிரத்தைக் கழட்டிவிட்டு வலது கையால் அள்ளு, வறுக்க முந்தி அள்ள வேண்டும், வறுத்த பிறகு இல்லை. கையை இறுக்காதே, கொம்மா தளரத்தான் பிடிப்பா, இரண்டு மூன்று மணி விரலுக்கிடையால் கீழே விழும், அதைத் திரும்பப் பொறுக்கிப் போடக்கூடாது.

இப்படிக்கு
உன் அப்பா
கதிரித்தம்பி
(பேர் எழுதினது ஜோசப்பின், பக்கத்தில் உள்ள பெருவிரல் அடையாளம் அண்ணையுடையது)